பைனல் இயர் புராஜெக்டுக்கு மறுபடியும் பணம் கொடுக்கலாமா? (கோவை, பம்ப் பட்டறை)

பம்ப்பட்டறை | அக்டோபர் 11, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். கணபதியில் சின்னதாக ஒரு பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். ஓபன்வெல் சப்மெர்சிபிளும் மோனோபிளாக்கும் போடுகிறோம். போன வருடம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இருந்து வந்து, பைனல் இயர் பசங்கள் நாலு பேருக்கு ஸ்பான்சர் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். 45,000 ரூபாய் கொடுத்தேன்.

நான் கேட்டது ஒன்றுதான். எங்கள் டெஸ்ட் பெட்டில் (பம்பை ஓட்டிச் சோதிக்கிற மேடை) ஆள் நின்று பிரஷர் கேஜைப் பார்த்து, வாட் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். சாயங்காலம் என் மச்சினன் அதை எக்செல்லில் ஏற்றுகிறான். அது தானாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

மே மாதம் கைக்கு வந்தது ஒரு அக்ரிலிக் பெட்டி. உள்ளே ஆர்டுயினோ என்கிற சின்ன புரோகிராம் போர்டு, அரை இஞ்ச் பிளாஸ்டிக் ஃப்ளோ சென்சார், போனில் பச்சைக் கலரில் கிராஃப். வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று பக்கெட்டில் மீன்தொட்டி மோட்டாரைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். டிபார்ட்மெண்டில் முதல் பரிசு. எனக்கும் மேடையில் ஒரு சால்வை, ஒரு ஷீல்டு. அந்த சென்சார் தாங்குவது நிமிடத்துக்கு 30 லிட்டர். என் ஒன்றரை ஹெச்பி பம்ப் 150 லிட்டருக்கு மேல் தள்ளும். பெட்டி இப்போது பீரோ மேலே கிடக்கிறது.

இந்த வருடமும் போன் வந்துவிட்டது. கொடுப்பதா, வேண்டாமா? கல்லூரிப் பக்கம் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

---

கடைசிபெஞ்ச் | அக்டோபர் 11, இரவு 9:48

45,000 ரூபாய்க்குச் சால்வையா? பட்டாக இருந்ததா அண்ணா, சாதாவா?

சீரியஸாகச் சொல்கிறேன், அந்தப் பெட்டியைப் பசங்களே செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். காந்திபுரத்தில் புராஜெக்டை ரெடிமேடாக விற்கிற எத்தனை புராஜெக்ட் சென்டர் போர்டு தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐஇஇஇ டைட்டில், பேஸ் பேப்பர், பிபிடி, ரிப்போர்ட், வைவா கேள்வி பதில் எல்லாம் ஒரே பேக்கேஜ். அக்ரிலிக் பெட்டி, பச்சைக் கிராஃப், ஆர்டுயினோ என்றதும் எனக்கு அந்த வாசனைதான் அடிக்கிறது.

---

மெக்_மேடம் | அக்டோபர் 11, இரவு 10:31

நான் வேறொரு கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன், புராஜெக்ட் கோஆர்டினேட்டராகவும் இருந்திருக்கிறேன். கடைசிபெஞ்ச் சொல்வது நடப்பதுதான். ஆனால் எல்லாப் பழியையும் பசங்கள் தலையில் போட்டுவிட்டுப் போக முடியாது.

பம்ப்பட்டறை சார், மூன்று கேள்விகள். பிரச்சினையை எந்த மாதம் சொன்னீர்கள்? மாணவர்கள் உங்கள் டெஸ்ட் பெட்டை எத்தனை முறை பார்த்தார்கள்? ரிவியூவுக்கு நீங்களோ உங்கள் ஆளோ எத்தனை முறை போனீர்கள்?

---

பம்ப்பட்டறை | அக்டோபர் 11, இரவு 10:52

ஜனவரி மூன்றாவது வாரம் சொன்னேன். ஒருமுறை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போனது ஷீல்டு வாங்கிய அன்று மட்டும்தான்.

நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது மேடம்.

---

மெக்_மேடம் | அக்டோபர் 11, இரவு 11:15

உங்களைக் குறை சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள், அவ்வளவுதான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் புராஜெக்ட் எட்டாவது செமஸ்டரில் வருகிறது, 10 கிரெடிட். ஜனவரியில் தொடங்கி, நடுவில் மூன்று ரிவியூ, ஏப்ரல் கடைசியில் ரிப்போர்ட் பைண்டிங், அப்புறம் வைவா. பொங்கல் லீவு, பிளேஸ்மென்ட் டிரைவ், அரியர் எழுதுகிறவர்கள் படிப்பு எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 11 அல்லது 12 வாரம். ஜனவரி மூன்றாவது வாரத்தில் புதுப் பிரச்சினையைக் கையில் கொடுத்தால், மாணவன் முதல் ரிவியூவில் காட்டக்கூடியது எதுவோ அதைத்தான் செய்வான். மார்க் போடுகிற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் உங்கள் பம்பைப் பார்த்திருக்க மாட்டார். அவர் முன்னால் பக்கெட்டில் தண்ணீர் ஓடினால் போதும்.

அதாவது அந்தப் பெட்டி உங்களுக்காகச் செய்ததில்லை, வைவாவுக்காகச் செய்தது. வைவாவில் அது நன்றாகத்தான் வேலை செய்தது.

---

எட்டாம்செம் | அக்டோபர் 12, காலை 7:05

அண்ணா, நான் இப்போது பைனல் இயர், ஈரோடு பக்கம். என் சீனியர் டீமுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். "இண்டஸ்ட்ரி ஸ்பான்சர்டு புராஜெக்ட்" என்று பெருமையாகப் போனார்கள். முதல் மாதம் முழுக்க ஸ்டோர்ஸில் பழைய டிராயிங் நம்பரைப் பார்த்து ஷீட்டில் ஏற்றும் வேலை. கேட்டால், "இதெல்லாம் தெரிந்தால்தானே டிசைன் பண்ண முடியும்" என்று பதில். மார்ச்சில் ரிவியூவுக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. கடைசியில் கடைசிபெஞ்ச் அண்ணா சொன்ன இடத்துக்குத்தான் போனார்கள். தலைக்கு 6,000.

கம்பெனியிடம் சல்லிக்காசு வரவில்லை. சர்ட்டிபிகேட்டில் மட்டும் ஸ்பான்சர்டு என்று இருக்கிறது.

---

லேத்துக்காரன் | அக்டோபர் 12, காலை 8:40

இதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்பான்சர் என்கிற சொல்லே நம் ஊரில் எதையெல்லாமோ குறிக்கிறது. சில இடத்தில் பணம், சில இடத்தில் வெறும் லெட்டர்பேடு. அந்த லெட்டர்பேடில் ஒரு கையெழுத்து இருந்தால் கல்லூரியின் அக்ரெடிடேஷன் (தரச் சான்று) ஃபைலில் ஒரு பக்கம் ஏறும். எனக்கே வருடத்துக்கு ஏழெட்டு பேர் லெட்டருக்காக வருவார்கள். பட்டறைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாசலில் நின்று சீல் வாங்கிக்கொண்டு பைக்கில் போய்விடுவார்கள்.

---

ஆவாரம்பாளையம் | அக்டோபர் 12, காலை 10:10

தம்பிகளா, இது நம் ஊருக்குப் புதுச் சண்டை இல்லை. பீளமேட்டில் பிஎஸ்ஜி காரர்கள் 1926-ல் முதலில் ஆரம்பித்தது இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். டெக் கல்லூரி வந்தது 1951-ல். பட்டறை முன்னால், வகுப்பறை பின்னால். ஒரே வளாகத்துக்குள் பவுண்டரி இருந்ததால் பையன் மோல்டிங் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துப் படித்தான். ஜி.டி. நாயுடு 1945-ல் ஆர்தர் ஹோப் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைக்குத் தடாகம் ரோட்டில் இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) அதிலிருந்து வந்ததுதான். நாலு வருடப் படிப்பே வீண், இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் விலகிவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பவுண்டரியில் 30 வருடம் இருந்தவன் நான், படிக்காமல் செய்கிற தப்பும் தெரியும். ஆனால் பம்ப் செய்கிற ஊரில் படிக்கிற பையன் பம்பை முதல்முதலில் வைவா அன்றைக்கு, அதுவும் மீன்தொட்டி மோட்டாராகப் பார்க்கிறான் என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

---

ஓரகடம்_ஹெச்ஆர் | அக்டோபர் 12, பகல் 1:25

பெரிய கம்பெனிப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. சின்னப் பட்டறைகள் இதில் தலையிட்டுக் கஷ்டப்பட வேண்டாம். எங்களைப் போன்றவர்கள் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் இருந்து கல்லூரிக்குக் கொடுக்கிறோம், மாணவர்கள் பயனடைகிறார்கள், கம்பெனி பெயரும் பேனரில் வருகிறது. எல்லோருக்கும் நல்லது.

---

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, பகல் 2:02

பேனரில் பெயர் வருகிறது என்பதைப் பொதுவில் எழுதாதீர்கள், உங்கள் ஆடிட்டர் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சரி. ஆனால் தன் பொருளுக்கு விளம்பரப் பலன் கிடைக்கட்டும் என்று ஸ்பான்சர்ஷிப்பாகக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. 2021 திருத்த விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்கிற வேலையும் சேராது. கல்வி மேம்பாட்டுக்குக் கொடுத்தால் சேரும். "என் டெஸ்ட் ரிக்கைச் செய்து கொடு" என்று கொடுத்தால் அது உங்கள் தொழில் செலவு.

பம்ப்பட்டறைக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர் கொடுத்தது அவர் பணம், வலித்ததும் அவருக்குத்தான். அந்த வலியால்தான் இந்த இழையே வந்திருக்கிறது. சிஎஸ்ஆர் பணத்தில் பெட்டி பீரோ மேலே போனதா, பரணுக்குப் போனதா என்று எவரும் கேட்பதில்லை.

---

பம்ப்பட்டறை | அக்டோபர் 13, இரவு 8:15

முந்தாநாள் மேடம் கேட்டது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த நாலு பேரில் ஒரு பையனுடைய நம்பர் இருந்தது. இப்போது பெங்களூரில் ஐடி வேலை. கூப்பிட்டேன்.

நான் செக் கொடுத்தது ஜனவரி 29. கல்லூரிக் கணக்கில் விழுந்தது பிப்ரவரி. பசங்கள் பில் கொடுத்தால்தான் ரிலீஸ், பில்லுக்கு மூன்று கொட்டேஷன், அதில் ஹெச்ஓடி கையெழுத்து, அப்புறம் அக்கவுண்ட்ஸ், அப்புறம் பிரின்சிபால். பசங்கள் கையில் 14,000 வந்தது ஏப்ரல் இரண்டாவது வாரம். மீதி "டிபார்ட்மெண்ட் டெவலப்மெண்ட்". அதுவரைக்கும் நாலு பேரும் சொந்தக் காசு போட்டிருக்கிறார்கள். ஊரில் இருந்து அப்பா ஜிபே பண்ணிய காசு.

சென்சாரைப் பற்றிக் கேட்டேன். "சார், 30 லிட்டர் பத்தாதுன்னு எங்களுக்குத் தெரியும். உங்க பம்புக்கு ஏத்த மேக்னெட்டிக் ஃப்ளோமீட்டருக்கு கொட்டேஷன் வாங்கினோம், முப்பதாயிரத்துக்கு மேல சொன்னாங்க. இது 300 ரூபாய்" என்றான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க நம்பர் கைடு சார்கிட்டதான் இருந்துச்சு" என்றான்.

அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை.

---

கடைசிபெஞ்ச் | அக்டோபர் 13, இரவு 8:33

புராஜெக்ட் சென்டர் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பசங்களே செய்திருக்கிறார்கள், அதுவும் அப்பன் காசில்.

---

சிக்னல்_சிவம் | அக்டோபர் 14, காலை 6:50

இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பெட்டில் ஆர்டுயினோவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் காலில் நேராக வயரைக் குத்தினால் வேலைக்காகாது. பட்டறை சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியரில் வரும். பிரஷர் டிரான்ஸ்மிட்டர், ஃப்ளோமீட்டர் எல்லாம் அப்படித்தான். 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் அது 1 முதல் 5 வோல்ட் ஆகும், போர்டு படித்துவிடும். பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 4-ல் ஏன் தொடங்குகிறது என்று என்னிடம் வருகிற பசங்களைக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. பிரஷர் இல்லாவிட்டாலும் 4 வரும், வயர் அறுந்தால்தான் 0 வரும். பம்ப் ஓடவில்லையா, வயரை எலி கடித்ததா என்று அதை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். எல்லா லேபிலும் வயர் முழுசாக இருப்பதால் இந்தக் கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அடுத்து ஸ்டார்ட்டர். அதில் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற காண்டாக்டர் டப்பென்று விழும்போது வருகிற நாய்ஸில் லேபில் அழகாக ஓடிய போர்டு ரீசெட் ஆகும். ஷீல்டு கேபிள் (வயரைச் சுற்றி உலோக உறை உள்ளது) போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். ரெண்டு முனையிலும் செய்தால் கிரவுண்ட் லூப் வந்து ரீடிங் ஆடும். வாட் மீட்டருக்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், ஆர்எஸ்485 என்கிற டேட்டா இணைப்பு உள்ள எனர்ஜி மீட்டர் வாங்கினால் மோட்பஸ் முறையில் ரீடிங்கை அதுவே போர்டுக்குச் சொல்லிவிடும்.

இதில் எதுவும் பெரிய ஆராய்ச்சி இல்லை. ஆனால் பட்டறையில் நாலு சனிக்கிழமை நின்றால்தான் தெரியும். அதனால் என் யோசனை இது: ஃப்ளோமீட்டரையும் டிரான்ஸ்மிட்டரையும் நீங்களே உங்கள் பெயரில் வாங்கிப் பைப்பில் மாட்டுங்கள். புராஜெக்ட் தோற்றாலும் மீட்டர் உங்களுடையது. பசங்களுக்குப் பணமாகக் கொடுக்காதீர்கள், ஓடுகிற மெஷினைக் கொடுங்கள்.

---

மெக்_மேடம் | அக்டோபர் 14, காலை 9:12

கடைசி வரியில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பொருளாகக் கொடுங்கள், சரி. ஆனால் கணபதிக்கும் கல்லூரிக்கும் இடையில் ரெண்டு பஸ். நாலு பேர் 12 சனிக்கிழமை வந்து போனால் பஸ், சாப்பாடு, டீ எல்லாம் யார் கணக்கு? அதைப் பசங்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

டீமில் பெண்கள் இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஹாஸ்டல் பிள்ளைகள் 6 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், அவுட்பாஸுக்குக் கல்லூரிக் கடிதம் வேண்டும். "பொண்ணுங்க வேண்டாம் மேடம், பட்டறை செட் ஆகாது" என்று ஸ்பான்சர்கள் நேராகவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். செட் ஆகாதது பெரும்பாலும் ஒன்றுதான், அங்கே கதவு பூட்டுகிற மாதிரி ஒரு பாத்ரூம் இருக்காது.

---

பம்ப்பட்டறை | அக்டோபர் 14, காலை 9:40

இருக்கிறது மேடம். மோட்டார் வைண்டிங்கில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

---

சான்ஹோசே_சுந்தர் | அக்டோபர் 14, காலை 11:30

இங்கே கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் கல்லூரியில் 1963-ல் இருந்து "கிளினிக்" என்று ஒன்று நடத்துகிறார்கள். கம்பெனி ஒரு பிரச்சினையையும் கட்டணத்தையும் கொடுக்கும். நாலைந்து பேர் கொண்ட டீம் ஒரு கல்வியாண்டு முழுக்க அதிலேயே இருக்கும். கம்பெனி தன் ஆள் ஒருவரைத் தொடர்பாளராகப் போட வேண்டும், அவர் டீமோடு வாராவாரம் பேச வேண்டும். கண்டுபிடிப்பு கம்பெனிக்கே போய்விடும். நம் ஊரில் கட்டணத்தை மட்டும் காப்பி அடித்துவிட்டு அந்தத் தொடர்பாளரை விட்டுவிட்டோம்.

---

காப்புரிமை_கண்ணன் | அக்டோபர் 14, மாலை 5:05

கண்டுபிடிப்பு யாருக்கு என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

நம் காப்புரிமைச் சட்டம் 1970-ன்படி விண்ணப்பிக்கும் உரிமை உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கு, அல்லது அவர் எழுதிக்கொடுத்தவருக்கு. மாணவர் உங்கள் சம்பள ஆளும் இல்லை, கல்லூரி சம்பள ஆளும் இல்லை. பணம் கொடுத்துவிட்டேன் என்பதால் மட்டும் அது உங்களுடையது ஆகாது, கல்லூரியுடையதும் ஆகாது. கல்லூரி சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் வேறு கதை, அதைக் கேட்டுப் பாருங்கள். ரீடிங்கைத் தானாகப் பதிகிற டேட்டா லாகருக்கு இதெல்லாம் தேவைப்படாது. நாளைக்கே ஒரு பையன் இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) வளைவை மாற்றிக் கரண்ட் யூனிட்டை மிச்சம் பிடித்தான் என்றால் சண்டை வரும்.

இன்னொரு ஆபத்து சிம்போசியம். மார்ச்சில் பேப்பர் வாசித்து, யூடியூபில் போட்டு, ஜூனில் வந்து "பேடன்ட் எடுக்கலாமா சார்" என்பார்கள். வெளியே சொல்லிவிட்டால் புதுமை போச்சு. கற்றோர் சங்கத்தில் வாசித்ததற்கு 12 மாத விலக்கு ஒன்று சட்டத்தில் உண்டு, ஆனால் காலேஜ் ஃபெஸ்ட் அதில் அடங்குமா என்று வாதாடுகிற நிலைமைக்குப் போகாதீர்கள். ஆன்லைனில் தனிநபர் பெயரில் புரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போட 1,600 ரூபாய்தான். போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். முதலில் அது, அப்புறம் மேடை.

---

எட்டாம்செம் | அக்டோபர் 14, மாலை 5:48

சார், எங்கள் கைடு "கம்பெனி என்டிஏ போடச் சொன்னால் போட்டுவிடு" என்றார், அதாவது ரகசியம் காக்கிற ஒப்பந்தம். போட்டால் வைவாவில் என்ன காட்டுவது? ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

---

காப்புரிமை_கண்ணன் | அக்டோபர் 14, மாலை 6:20

படிக்காமல் போடாதீர்கள். எது ரகசியம் என்று அதிலேயே பட்டியல் போடச் சொல்லுங்கள். கம்பெனியின் டிராயிங், வாடிக்கையாளர் பெயர், விலை இவை ரகசியம் என்றால் நியாயம். "புராஜெக்ட் தொடர்பான அனைத்தும்" என்று ஒரு வரி இருந்தால் எக்ஸாமினர் முன்னால் வாயைத் திறக்க முடியாது. ரிப்போர்ட்டில் அளவுகளை விகிதமாகக் கொடுக்கலாம், முறையை முழுதாகக் காட்டலாம்.

---

ரேஸ்கார்_ராணி | அக்டோபர் 14, இரவு 9:55

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப் பக்கம். எல்லா ஸ்பான்சரும் பட்டறைப் பிரச்சினையாகத்தான் இருக்க வேண்டுமா? நாங்கள் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்கிற மாணவர் ரேஸ்கார் போட்டியில் ஓட்டினோம். லேசர் கட்டிங்கை ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்தார். பேரிங் ஒருவர், ஹீட் ட்ரீட்மெண்ட் ஒருவர். எவரும் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை, ஸ்டிக்கர்கூட நாங்களே ஒட்டினோம். சேசிஸில் வெல்டிங் விரிசல் விட்டபோது ராத்திரி 11 மணிக்கு வந்து டிக் வெல்டிங் அடித்துக் கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், நான் கற்ற மெட்டலர்ஜி அவ்வளவும் அந்த ஒரு ராத்திரிதான். உங்கள் வேலையை முடித்துக் கொடு என்று கேட்கும்போதே மாணவர்கள் மலிவு கூலி ஆகிவிடுகிறார்கள்.

---

லேத்துக்காரன் | அக்டோபர் 14, இரவு 10:20

அந்த அண்ணன் ராத்திரி வந்தது நீங்கள் காரை ஓட்டியே ஆக வேண்டும் என்று தவித்ததால். அந்தத் தவிப்பு பீரோ மேல் இருக்கிற பெட்டியில் இல்லை, அதுதானே இங்கே பேச்சு?

மலிவு கூலி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. இந்த வேலை நடக்காவிட்டால் என் டெலிவரி நிற்கும் என்றால் அதை மாணவர்களிடம் கொடுக்கக் கூடாது. அதற்குச் சம்பள ஆள் போட வேண்டும். நடந்தால் நல்லது, நடக்காவிட்டாலும் பட்டறை ஓடும் என்கிற வேலைதான் புராஜெக்ட்.

---

பம்ப்பட்டறை | அக்டோபர் 16, இரவு 9:05

கல்லூரிக்குப் போய்விட்டு வந்தேன். பிரின்சிபாலிடம் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். பிரச்சினை நவம்பரிலேயே பசங்களுக்குப் போய்விட வேண்டும். செக் கிடையாது, மீட்டர் என் பில்லில் வரும். பசங்கள் வருகிற நாளுக்குத் தலைக்கு 250 ரூபாய் அவர்கள் கையிலேயே. சனிக்கிழமை 10 முதல் 4 வரை டெஸ்ட் பெட் அவர்களுக்கு. என் மச்சினன் கூட இருப்பான், அவன் நம்பர் எல்லோரிடமும் இருக்கும். வேலை செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தாலே போதும், மார்க்கைக் குறைக்கக் கூடாது.

கடைசி வரிக்கு மட்டும் பிரின்சிபால் சிரித்தார். மார்க் என் கையிலோ உங்கள் கையிலோ இல்லை என்றார். டிபார்ட்மெண்ட் டெவலப்மெண்ட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

---

மெக்_மேடம் | அக்டோபர் 16, இரவு 9:30

நல்லது. நவம்பரில் கொடுக்கிறீர்களே, அதுவே பாதி. நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழாவிலும் தொழிற்சாலைப் பிரச்சினைகளைத் திரட்டி மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள், உங்களுடையதை அதிலும் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். டீமில் ஒரு ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிள்ளையாவது இருக்கட்டும். நாலும் மெக்கானிக்கல் என்றால் சிக்னல்_சிவம் சொன்ன இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

---

பம்ப்பட்டறை | பிப்ரவரி 22, இரவு 8:50

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். நாலு பேர் வருகிறார்கள். ரெண்டு பையன்கள், ரெண்டு பெண்கள், ஒரு பிள்ளை ஈசிஇ. லாகர் இன்னும் முழுதாக ஓடவில்லை. ஸ்டார்ட்டர் விழும்போது ரீசெட் ஆகிறது, சிவம் சார் வாக்குப் பலித்தது. கேபிளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்ல வந்தது வேறு. மூன்றாவது சனிக்கிழமை. அந்த ஈசிஇ பிள்ளை டெஸ்ட் பெட் சுவரைப் பார்த்து, "அண்ணா, இது என்ன ப்ளஸ் பாயின்ட் சிக்ஸ்?" என்று என் மச்சினனைக் கேட்டிருக்கிறது. சுவரில் சிவப்பு பெயின்ட்டில் "+0.6" என்று இருக்கும். எங்கள் அப்பா காலத்தில் எழுதியது. கேஜ் தண்ணீர் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைக் கேஜ் காட்டுகிற ஹெட்டோடு (பம்ப் தண்ணீரைத் தூக்குகிற உயரம்) கூட்ட வேண்டும், அந்தக் கணக்கு அது. நாங்கள் எல்லா ரீடிங்கிலும் கண்ணை மூடிக்கொண்டு 0.6 மீட்டர் கூட்டுவோம்.

அந்தப் பிள்ளை டேப்பை எடுத்து அளந்திருக்கிறது. 0.95 வந்தது. ஏழெட்டு வருடம் முன்னால் ஸ்டாண்டை மாற்றியபோது கேஜ் மேலே ஏறியிருக்கிறது, சுவரில் பெயின்ட் மாறவில்லை. சம்ப்பில் தண்ணீர் இறங்கினால் இன்னும் கூடும். 12 மீட்டர் ஹெட்டில் 35 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 சதவீதம். இத்தனை வருடமாக என் பம்பை நானே குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எஃபிஷியன்சி வரவில்லை என்று எத்தனை இம்பெல்லரைத் திருப்பி லேத்துக்கு அனுப்பியிருப்பேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

---

சிக்னல்_சிவம் | பிப்ரவரி 22, இரவு 9:14

அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு கேசரி. வெலாசிட்டி ஹெட் (தண்ணீரின் வேகத்துக்கான உயரம்) கூட்டுகிறீர்களா என்று அடுத்த வாரம் கேட்கும், தயாராக இருங்கள். ரெண்டு இஞ்ச் பைப்பில் அந்த ஃப்ளோவுக்கு அது 10 முதல் 20 சென்டிமீட்டர் வரும்.

---

கடைசிபெஞ்ச் | பிப்ரவரி 22, இரவு 9:20

லாகர் ஓடாவிட்டால் வைவாவில் என்ன காட்டுவார்கள் அண்ணா? சுவரையா?

---

பம்ப்பட்டறை | பிப்ரவரி 22, இரவு 9:41

அதையேதான் அவர்களும் கேட்டார்கள். சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ரெண்டாவது ரிவியூ வியாழக்கிழமை. பெயின்ட்டை அழிக்காதீர்கள், வைவா முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சினன் பக்கத்தில் சாக்பீஸில் 0.95 என்று எழுதி வைத்திருக்கிறான்.

சிவம் சார், ஷீல்டை எந்தப் பக்கம் எர்த் செய்வது, மீட்டர் பக்கமா, போர்டு பக்கமா? நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளை போன் செய்யும், அதற்குள் சொன்னால் நல்லது.

---

சிக்னல்_சிவம் | பிப்ரவரி 22, இரவு 9:58

போர்டு பக்கம். மீட்டர் பக்கம் ஷீல்டை வெட்டி டேப் சுற்றச் சொல்லுங்கள், தொங்கவிடக் கூடாது.